பந்தல் பிரித்த பிறகு: எல்லையோரச் சபை ஒன்றில் எழுப்புதலின் ஐந்து ஆண்டுகள்

இந்தப் பதிவில் வரும் சபை தமிழ்நாடு–கேரள எல்லையில், களியக்காவிளைக்கும் பாறசாலைக்கும் இடைப்பட்ட ரப்பர் நாட்டில் இருக்கிறது. அதற்குமேல் ஊரை அடையாளம் சொல்லப் போவதில்லை. ஆட்களின் பெயரும் இல்லை. யாரையும் கண்டுபிடிக்க முடியாதபடி சில குடும்ப விவரங்களை மாற்றியிருக்கிறேன். நடந்த காலத்தில் நான் சபைக் கமிட்டியின் செயலர். ஆகவே இதில் வரும் தவறுகள் பலவற்றின் கீழ் என் கையெழுத்தும் இருக்கிறது. நடபடிக் குறிப்பேட்டைத் திறந்தால் இன்றும் பார்க்கலாம்.

பின்னணி

1806-ல் ரிங்கல்தௌபே என்ற மிஷனரி ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் திருவிதாங்கூருக்குள் வந்து மயிலாடியில் தொடங்கிய லண்டன் மிஷன் ஊழியம் மேற்கே பரவியபோது முளைத்த சபைகளில் எங்களுடையதும் ஒன்று. 1947-ல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அதில் சேர்ந்தோம். 1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு உள்ளிட்ட நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்துக்கு வந்தன, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எங்கள் உறவுகளின் நடுவே கோடு விழுந்தது. சபைப் பதிவேட்டில் உள்ள சுமார் 180 குடும்பங்களில் முப்பதுக்கு மேல் கோட்டுக்கு அந்தப் பக்கம். ஆராதனை தமிழில்; ஆனால் ஆராதனை முடிந்து வாசலில் நின்று பேசும்போது எந்த வாக்கியம் எந்த மொழியில் தொடங்கி எதில் முடியும் என்று சொல்ல முடியாது. பிள்ளைகளில் பாதிப் பேர் மலையாளப் பள்ளிக்கூடம். அவர்களுக்குத் தமிழ் வேதாகமத்தை எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும்.

ஆண்களுக்கு ரப்பர் பால்வெட்டும் கொத்து வேலையும். வசதிப்பட்டவர்கள் வளைகுடாவில். பெண்களில் பெரும்பாலோர் அண்டியாபீசில் முந்திரி உடைக்கவும் தொலி உரிக்கவும் போகிறவர்கள். இந்த வேலை விவரங்களை இவ்வளவு சீக்கிரம் எழுதுவதற்குக் காரணம் உண்டு. எழுப்புதல், அதாவது சபையில் திடீரென்று எழுந்த ஆவிக்குரிய உற்சாகம், ஏன் குறைந்தது என்று நாங்கள் மாதக்கணக்கில் ஜெபித்தும் வாதாடியும் தேடிய விடையில் பாதி இதில்தான் இருந்தது.

அது தொடங்கிய கன்வென்ஷனுக்கு, அதாவது ஆண்டுப் பிரசங்கக் கூட்டங்களுக்கு, முன்பிருந்த நிலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஞாயிறு ஆராதனைக்கு 200 பேர் வருவார்கள். புதன் ஜெபத்துக்குப் பதினைந்து பேர். கமிட்டி தேர்தல் வந்தால் இரண்டு அணி. அசனத்துக்கு (சபையின் பொது விருந்துக்கு) மட்டும் முழுச் சபையும் வரும்.

மூன்றாவது இரவு

ஆண்டுதோறும் ஜனவரி கடைசியில் மூன்று நாள் கன்வென்ஷன் நடத்துவோம். அந்த ஆண்டு வெளியூரிலிருந்து வந்த பிரசங்கியார் பெரிய பேச்சாளர் இல்லை; முதல் இரண்டு இரவுகள் வழக்கம்போலத்தான் போயின. மூன்றாவது இரவு மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தை எடுத்தார். சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால் காணிக்கையைப் பலிபீடத்தின் முன்னே வைத்துவிட்டுப் போ, முதலில் அவனோடு ஒப்புரவாகு என்ற பகுதி. அவர் இன்னும் பேசிக்கொண்டிருக்கும்போதே பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார். வழித்தகராறில் பதினோரு வருடமாகத் தம்பியோடு பேசாதவர். பந்தலின் மறுபக்கம் ஆண்கள் வரிசையில் உட்கார்ந்திருந்த தம்பியின் முன்னால் போய் நின்று, "லே, வா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். தம்பி எழுந்து அவர் தோளில் முகத்தை வைத்து அழுதார்.

அதற்குப் பிறகு பிரசங்கியார் பேசவில்லை. ஒருவர் பின் ஒருவராக எழுந்தார்கள். மாமியாரும் மருமகளும், பழைய பொருளாளரும் புதிய பொருளாளரும். பத்தரைக்கு மைக் செட்காரர் என்னிடம் வந்து, "சாரே, எப்ப முடியும்?" என்று கேட்டார். பதினொன்றரைக்கு அவரும் பெஞ்சில் உட்கார்ந்து விட்டார். நாங்கள் கலைந்தபோது ஒரு மணி தாண்டிவிட்டது.

இதை மிகைப்படுத்த விருப்பமில்லை. யாரும் நோயிலிருந்து குணமாகவில்லை, கூரையும் அசையவில்லை. பேசாதவர்கள் பேசினார்கள், அதுதான் நடந்தது. ஆனால் எங்கள் ஊரைத் தெரிந்தவர்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

முதல் பத்து வாரங்கள்

மறுநாளே விடியற்கால ஜெபம் தொடங்கினோம். மணி நாலரை. முதல் வாரம் தொண்ணூறு பேர் வந்தார்கள். வெள்ளி தோறும் முழு இரவு ஜெபம். வாலிபர்கள் ஞாயிறு மாலை தெருத்தெருவாகப் பாடிக்கொண்டு போனார்கள். நான் சபை வாசலில் ஒரு கரும்பலகை வைத்து அன்றன்று வந்தவர்களின் எண்ணிக்கையை எழுதினேன். உற்சாகப்படுத்தத்தான் எழுதினேன். என் பெருமையும் அதில் சேர்ந்திருந்தது என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன். பக்கத்துச் சபையார் அந்தப் பக்கமாகப் போனால் பலகையைப் பார்க்கிறார்களா என்று நானும் பார்ப்பேன்.

மார்ச் தொடக்கத்தில் அறுபது. மார்ச் கடைசியில் முப்பது. ஈஸ்டருக்குப் பிறகு ஒரு காலையில் பலகையில் 11 என்று எழுதினேன்.

கமிட்டியில் ஒரே கருத்துதான் இருந்தது: ஜனங்கள் குளிர்ந்துவிட்டார்கள். ஐயர் (எங்கள் போதகரை அப்படித்தான் அழைப்போம்) எபேசு சபை தன் 'ஆதி அன்பை' விட்டுவிட்டதாக வேதாகமம் கண்டிக்கும் பகுதியை எடுத்து மூன்று ஞாயிறு பிரசங்கித்தார். பயன் இல்லை. அந்தப் பிரசங்கியாரையே மறுபடி அழைத்து ஒருநாள் கூட்டம் வைத்தோம். கூட்டம் வந்தது, அழுதது, வீட்டுக்குப் போனது. மறுநாள் காலை 14 பேர்.

வெட்டுக்காரர் சொன்னது

உண்மையை முதலில் சொன்னவர் கமிட்டியில் இல்லாத ஒரு பால்வெட்டுக்காரர். ஐயர் அவர் வீட்டுக்குப் போய், ஏன் வருவதில்லை என்று கேட்டிருக்கிறார். "ஐயரே, ஜெபிக்க மனசில்லாம இல்ல. மரம் தளிர்த்தாச்சு. நாலு மணிக்கு நான் தோட்டத்துல நிக்கணும். நாலரைக்கு சபையில நின்னா அந்தப் பாலு யாரு எடுப்பா?"

ரப்பர் மரம் ஜனவரி, பிப்ரவரியில் இலை உதிர்க்கும். அப்போது வெட்டு நிறுத்தம். தளிர் முற்றியதும் மறுபடி தொடங்கும். வெயில் ஏறுமுன் மரத்துக்குள் அழுத்தம் அதிகமாக இருக்கும்போதுதான் பால் நன்றாக ஓடும் என்பதால் நெற்றி விளக்கு கட்டிக்கொண்டு இருட்டிலேயே போயாக வேண்டும். ஒரு பகுதி மரத்தை ஒன்றுவிட்டு ஒருநாள் வெட்டினாலும் வெட்டுக்காரருக்கு இரண்டு பகுதி இருக்கும்; ஆக தினமும் வேலை. அதாவது எங்கள் எழுப்புதல் பிறந்தது வெட்டு இல்லாத மாதத்தில். ஆண்கள் விடியற்காலையில் வந்தார்கள், அவர்களுக்கு அந்த நேரம் இருந்ததால். வெட்டு தொடங்கியதும் போனார்கள். நாங்களோ அதற்கு ஆவிக்குரிய காரணம் தேடி எபேசுவரை போயிருந்தோம்.

பெண்கள் கதையும் இப்படித்தான். வெள்ளி இரவு முழுதும் ஜெபித்துவிட்டுச் சனிக்கிழமை ஏழு மணிக்கு அண்டியாபீசில் உட்கார்ந்தால் கண் சொக்கும். முந்திரித் தோட்டின் எண்ணெய் கையில் பட்டுப் பொத்துப்போனவர்கள் இருவர். வேலை எடைக் கணக்கு என்பதால் தூங்கினால் கூலியும் குறையும். யாரும் எங்களிடம் சொல்லவில்லை. சொன்னால் விசுவாசம் குறைவு என்று நினைப்போம் என்று பயந்திருக்கிறார்கள். நினைத்திருப்போம்.

குடியை விட்ட மனிதர்

இது கன்வென்ஷன் முடிந்த அதே வாரத்தில் நடந்தது. இதிலிருந்து பாடம் எடுக்க எங்களுக்குச் சில மாதங்கள் ஆனதால் இங்கே வைக்கிறேன்.

இருபது வருடமாகத் தினமும் குடித்த ஒருவர் மூன்றாம் இரவில் முன்னால் வந்து, இனி தொடமாட்டேன் என்றார். உண்மையாகவே தொடவில்லை. அடுத்த நாள் கை நடுக்கம், வியர்வை. மூன்றாம் நாள் சுவரில் பூச்சி ஊர்கிறது என்று கத்தினார், மனைவியை அடையாளம் தெரியவில்லை. பிசாசு போகாமல் அலைக்கழிக்கிறது என்று ஜெபக்குழு சுற்றி நின்றது. உபவாசம் வேறு. என் தங்கை நர்ஸ், விடுப்பில் வந்திருந்தாள், கூட்டத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து, "அண்ணா, இது குடி நிறுத்தினதால வாறது. இப்படியே வெச்சா வலிப்பு வந்து செத்துப்போவாரு. வண்டி கூப்பிடு" என்றாள். நாள்பட்ட குடிகாரர் திடீரென்று நிறுத்தினால் இரண்டு முதல் நான்கு நாட்களுக்குள் இப்படி மனக்குழப்பமும் இல்லாதது தெரிவதும் வரலாம், சிலருக்கு அதற்கு முன்பே வலிப்பு வரும் என்பதெல்லாம் எனக்கு அன்றுதான் தெரியும். ஆஸ்பத்திரியில் ஊசியும் வைட்டமின் பி1-ம் கொடுத்து ஐந்தாம் நாள் தெளிவாக்கி அனுப்பினார்கள். பிழைத்தார். இன்றும் குடிப்பதில்லை.

அந்த வாரம் அவரைச் சுற்றி நின்று ஜெபித்தவர்களை நான் கேலி செய்யவில்லை. ஆனால் இன்னும் ஒரு இரவு அப்படியே நின்றிருந்தால் எழுப்புதலின் முதல் கனி ஒரு சவ அடக்கமாக இருந்திருக்கும்.

சீட்டுக் காசு

மே மாதம் ஒரு ஞாயிறு சாட்சி நேரம்; கர்த்தர் தனக்குச் செய்ததை எழுந்து சொல்லும் நேரம். ஏலச்சீட்டு நடத்தி இரண்டு வருடத்துக்கு முன் நொடித்துப்போன ஒருவர் எழுந்தார். அவர் சீட்டில் ஏழு பேருக்குப் பணம் நின்றுபோயிருந்தது, அத்தனை பேரும் எங்கள் சபையார். அவர் கன்வென்ஷனில் தொடப்பட்டவர், விடியற்கால ஜெபத்தைக் கடைசிவரை விடாத பதினொரு பேரில் ஒருவர். கண்ணீரோடு சொன்னார்: "என் பாவத்தையெல்லாம் கர்த்தர் மன்னிச்சிட்டாரு. என் நெஞ்சில பாரம் இல்ல." சபை 'அல்லேலூயா' சொன்னது. நானும் சொன்னேன்.

பெண்கள் பக்கம் நடுவரிசையில் ஒரு விதவை எழுந்து குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அண்டியாபீஸ் கூலியில் மகளைப் படிக்க வைப்பவர். அவருக்கு அந்தச் சீட்டில் போனது 38,000 ரூபாய். படிக்கட்டில் என் மனைவி பின்னால் ஓடிப்போய்க் கேட்டதற்கு அவர் சொன்னது: "கர்த்தர் மன்னிச்சிருப்பாரு பிள்ளே, நான் இல்லேன்னு சொல்லல்ல. எம்மகளுக்க நர்சிங் பீசு கட்டாம கிடக்கு. எங்கிட்ட யாரும் ஒண்ணும் கேக்கல்லியே."

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறு அந்தத் தெருவிலேயே யாரும் வரவில்லை; பதினொரு வீடு. நான் அவரைப் பார்க்கப் போனது மூன்று வாரம் கழித்து. தானாகச் சரியாகும் என்று காத்திருந்தேன் என்று குறிப்பேட்டில் எழுதியிருக்கிறேன். உண்மையில் என்ன பேசுவது என்று தெரியாமல்தான் போகவில்லை.

ஐயர் சீட்டுக்காரரிடம் போனார். நாங்கள் எதிர்பார்த்தபடி அவர் சாதிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. அதிர்ந்து உட்கார்ந்துவிட்டார் என்று ஐயர் சொன்னார். ஏமாற்றுக்காரராக இருந்திருந்தால் கையாள்வது எளிது. இவரோ மன்னிப்பை உண்மையாகவே உணர்ந்தவர். அந்த மன்னிப்புக்கும் 38,000 ரூபாய்க்கும் தொடர்பு உண்டு என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மூன்று இரவு கன்வென்ஷன், பத்து வாரம் விடியற்கால ஜெபம், அதற்கு முன் நாற்பது வருடம் ஞாயிறு ஆராதனை. இதில் எங்கேயும் சொல்லவில்லை என்றால் தவறு அவருடையது மட்டும்தானா?

எடுத்த முடிவுகள், அவற்றின் காரணங்கள்

ஜூன் மாதக் கமிட்டி இரண்டு நாள் நடந்தது. சபை பணத் தகராறில் தலையிடலாமா என்பதிலேயே முதல் நாள் போய்விட்டது. ஒரு மூத்த அங்கத்தினர், "சபை கோர்ட்டு இல்ல" என்றார். அதற்கு ஐயர், "சரி, கோர்ட்டு வேண்டாம். சாட்சி சொல்ற இடந்தானே? கடன் வாங்கினவங்க சாட்சி சொல்லலாம், கடன் குடுத்தவங்க சொல்லக்கூடாதா?" என்று கேட்டார். கடைசியில் வந்த ஏற்பாடு இது: பணத்தைச் சபை கையில் வாங்காது. ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவர், ஒரு ஆசிரியை, சீட்டில் பணம் போடாத ஒரு பெரியவர் ஆகிய மூவர் முன்னிலையில் சீட்டுக்காரர் மாதாமாதம் தன் ரப்பர் வருமானத்திலிருந்து நேரடியாகக் கொடுப்பார். யாருக்கு அவசரமோ அவருக்கு முதலில். விதவைக்கு முதலில் வந்தது. ஏழு பேருக்கும் தீர 26 மாதம் ஆனது. இடையில் மழைக்காலத்தில் இரண்டு மாதம் தவணை நின்றது, மூவரும் போய்ப் பேசினார்கள். இயேசுவைப் பார்க்க மரத்தில் ஏறி, அநியாயமாய் வாங்கியதை நாலு மடங்காகத் திருப்புவேன் என்ற வேதாகமச் சகேயு போல 'நாலத்தனையாக' கொடுக்க வேண்டுமா என்று சீட்டுக்காரர் உண்மையாகவே கவலைப்பட்டுக் கேட்டபோது அந்த அம்மா சொன்ன பதில் ஊரில் பழமொழியாகிவிட்டது: "ஒருத்தனையா தந்தா போரும். நீ மரத்துல ஒண்ணும் ஏறண்டாம்."

இதிலிருந்து பிறந்தது சாட்சி பற்றிய முடிவு. கன்வென்ஷனில் தொடப்பட்டவர் மூன்று மாதம் கழித்தே சபையில் சாட்சி சொல்லலாம். அதற்கு முன் ஐயர் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: இந்தச் சபையில் யாருக்காவது நீங்கள் ஏதாவது திருப்ப வேண்டியிருக்கிறதா? இதை வாலிபர்கள் கடுமையாக எதிர்த்தார்கள், ஆவியை அணைக்கிறோம் என்றார்கள். அவர்கள் பயத்தில் நியாயம் இருந்தது. அடுத்த ஆறு மாதத்தில் சாட்சிகள் மிகக் குறைந்தன. வந்த சாட்சிகளை மட்டும் ஜனங்கள் நம்பினார்கள்.

விடியற்கால ஜெபத்தை ஒரே நேரமாக வைப்பதை விட்டோம். முழு இரவு ஜெபம் மாதம் ஒன்று, அண்டியாபீஸ் விடுமுறைக்கு முந்தைய இரவில் மட்டும். மீதி எல்லாம் வீட்டுக் குழுக்கள். பால்வெட்டுக்காரர்களுக்கு, பால் உறைய வைத்து ரப்பர் சீட் அடித்த பிறகு காலை பத்தரைக்கு, சீட் உலர்த்தும் புகைப்புரைக்குப் பக்கத்துத் திண்ணையில். பெண்களுக்கு வியாழன் இரவு ஏழு மணிக்குத் தெருவிலேயே. வளைகுடாவில் இருப்பவர்களுக்கு வெள்ளிக்கிழமை போனில். கோட்டுக்கு அந்தப் பக்க வீடுகளுக்கு ஒரு குழு; அங்கே மலையாள வேதாகமம் வாசித்துத் தமிழில் பேசுவார்கள். ஒரு குழுவில் பன்னிரண்டு பேருக்கு மேல் வேண்டாம் என்றோம்.

பன்னிரண்டு என்ற எண் ஐயர் கொண்டுவந்தது. ஜான் வெஸ்லியின் மெதடிஸ்டுகள் 1742-ல் பிரிஸ்டலில் கட்டிடக் கடனை அடைக்க வாரம் ஒரு பென்னி வசூலிப்பதற்காகப் பன்னிரண்டு பேருக்கு ஒருவர் என்று பிரித்துக்கொண்டார்கள். வசூலுக்கு வீடு வீடாகப் போனவர்கள்தான் வீட்டுக்குள் யார் எப்படி வாழ்கிறார் என்பதை முதன்முதலாகப் பார்த்தார்கள். அதிலிருந்து வகுப்புக் கூட்டங்கள் வளர்ந்தன. ஐயருக்கு இந்தக் கதை மிகப் பிடிக்கும். எனக்கு நம் பழைய பிடி அரிசி ஞாபகம் வந்தது. உலை வைக்கும்போது ஒரு பிடி எடுத்து வைத்து ஞாயிறன்று கொண்டுவரும் வழக்கம் எங்கள் பாட்டிமார் காலத்தோடு நின்றுபோயிருந்தது. அதைக் குழுக்களில் மறுபடி தொடங்கினோம். சேரும் அரிசி அந்தக் குழுவில் வேலைக்குப் போக முடியாமல் கிடப்பவர் வீட்டுக்கு. சபைக் கணக்கில் வராது. பொருளாளருக்கு அதில் வருத்தம்தான்.

குடியை விடுபவர் விஷயத்தில் விவாதமே இல்லை. யார் நிறுத்துவதாகச் சொன்னாலும் அன்றே டாக்டரிடம். கூட ஒருவர் போவார், ஜெபமும் கூடவே.

தீர்க்கதரிசனம் பற்றியும் ஒரு முடிவு எடுக்க நேர்ந்தது. ஜெபக்குழுவில் ஒரு இளம்பெண் குறிப்பிட்ட மாதத்தில் பெரிய அழிவு வருமென்று சொல்லிச் சில குடும்பங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பாமல் வைத்தன. எங்கள் பக்கம் எழுப்புதல் என்றால் 1860-ல் கிறிஸ்டியான்பேட்டையில் அருளப்பன் என்ற ஊழியரின் நாட்களில் நடந்ததைச் சொல்வார்கள். அதன் அலை 1870-களில் திருவிதாங்கூருக்குள் வந்து என்ன ஆயிற்று என்பதைச் சொல்ல மாட்டார்கள். அந்த எழுப்புதலிலிருந்து யுயோமயம் என்ற கூட்டம் பிரிந்தது. 1881-ல் கிறிஸ்து வருவார் என்று காலம் குறித்துக் காத்திருந்தது. அந்த ஆண்டு போனது. ஐயர் இதைத் திட்டாமல், வரலாறாக மட்டும் ஒரு வியாழன் கூட்டத்தில் சொன்னார். தீர்க்கதரிசனம் சொன்னால் மற்றவர்கள் நிதானிக்க வேண்டும் என்று பவுலே கொரிந்தியருக்கு எழுதியிருப்பதால், இனி அது குழுவில் மூன்று பேர் முன்னிலையில் நிதானிக்கப்பட்ட பிறகே வெளியே வரும் என்றோம். அந்தப் பெண் மனம் நொந்தாள். அவளிடம் தனியாக, மரியாதையாகப் பேசியிருக்க வேண்டும், பேசவில்லை.

கரும்பலகையை எடுத்துவிட்டேன்.

தொடர்ந்தது

இரண்டாம் ஆண்டு நன்றாகப் போனது. ஒன்பது குழுக்கள். விதவையின் தெரு திரும்பி வந்தது. ஒரே நாளில் இல்லை, ஒவ்வொரு வீடாக. குடியை நிறுத்தியவர் எண்ணிக்கை ஆறு, அதில் இருவர் திரும்ப விழுந்தார்கள், ஒருவர் மறுபடி எழுந்தார்.

அந்த ஆண்டு இறுதியில் பன்னிரண்டு குடும்பங்கள் பக்கத்துப் பெந்தெகொஸ்தே சபைக்குப் போனார்கள். அந்த இளம்பெண்ணின் குடும்பமும் வாலிபர் சங்கத்தின் நல்ல பாடகர்கள் இருவரும் அதில். எங்கள் ஆராதனை ஒழுங்கு அவர்களுக்கு ஒடுக்கமாகப் பட்டது, சாட்சி விதி கடைசித் துரும்பு. பாடகர் குழு இன்னும் முழுதாகத் தேறவில்லை. போனவர்களைப் பற்றிச் சபையில் கசப்பாகப் பேசக்கூடாது என்று ஐயர் கேட்டுக்கொண்டார். பெரும்பாலும் காப்பாற்றினோம். கல்யாண வீட்டில் சந்தித்தால் பேசுகிறோம்.

மூன்றாம் ஆண்டு கமிட்டி தேர்தல். எழுப்புதலை உண்மையில் சோதித்தது இதுதான், பிசாசு பிடித்த யாரும் அல்ல. மூன்றாம் இரவில் கட்டிப்பிடித்து அழுதவர்களில் சிலர் எதிரெதிர் அணியில் நின்றார்கள். இரவில் வீடு வீடாக ஓட்டுக் கேட்டார்கள். ஒரு குழுத் தலைவர் தன் குழுவையே ஓட்டுப் பட்டியலாக மாற்றினார். அந்தக் குழு உடைந்தது, இன்றுவரை சேரவில்லை. குழுத் தலைவராக இருப்பவர் தேர்தலில் நிற்க வேண்டுமென்றால் ஆறு மாதம் முன்பே பொறுப்பை விடவேண்டும் என்று அதற்குப் பிறகுதான் தீர்மானம் போட்டோம். முன்பே போட்டிருக்கலாம். எங்கள் திருமண்டலத்தில் தேர்தல் எப்படி நடக்கும் என்று தெரியாதவர்கள் யாரும் கமிட்டியில் இல்லை.

அண்ணன் தம்பி இருவரும் அந்தத் தேர்தலில் வெவ்வேறு அணி. பேச்சு நிற்கவில்லை. "ஓட்டு வேற, வழி வேற" என்று அண்ணன் சொன்னதாகக் கேள்வி.

ஐயர் மாற்றலானபோது

நான்காம் ஆண்டு மே மாதம் ஐயருக்கு மாற்றம் வந்தது. இங்கே போதகர்கள் சில ஆண்டுகளுக்கு மேல் ஒரே சேகரத்தில் இருப்பதில்லை, அது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் மனு எழுதிக் கையெழுத்து வாங்கலாம் என்று பலர் வந்தார்கள். ஐயர் வேண்டாமென்றார். வேல்ஸ் நாட்டில் 1904-ல் தொடங்கிய பெரிய எழுப்புதலில் ஈவான் ராபர்ட்ஸ் என்ற இருபத்தாறு வயது இளைஞர் மேலே எல்லாப் பாரமும் விழுந்து, இரண்டு வருடத்துக்குள் அவர் உடலும் மனமும் ஓய்ந்து பொது ஊழியத்தை விட்டே ஒதுங்கியதை எங்களுக்கு நினைவூட்டினார். "நான் போறதுக்குள்ள உங்களுக்கு நான் தேவையில்லாம ஆகியிருக்கணும். ஆகல்லைன்னா அது என் தப்பு" என்றார்.

பாதி ஆகியிருந்தது. புதிதாக வந்த ஐயர் நல்லவர், ஆனால் வீட்டுக் குழுக்களில் அவருக்கு நம்பிக்கை இல்லை. சபைக்குள் சபை உண்டாகும் என்று பயந்தார். எழுத்தில் எதையும் நாங்கள் வைத்திருக்கவில்லை. சாட்சி விதியும் டாக்டர் ஏற்பாடும் மூவர் முன்னிலையும் எல்லாம் பழைய ஐயரின் வாயிலும் எங்கள் நினைவிலும் இருந்தன. புதியவர் கேட்டபோது ஆளுக்கு ஒன்று சொன்னோம். ஆறு மாதத்தில் ஒன்பதாக இருந்து எட்டான குழுக்கள் ஐந்தாயின.

ஐந்தையும் தாங்கியது பெண்கள்தான். வியாழன் குழுக்கள் எதுவும் நின்றுபோகவில்லை. அவர்களுக்கு ஐயர் வந்தாலும் வராவிட்டாலும் பிடி அரிசியை யார் வீட்டுக்குக் கொண்டுபோவது என்று பேசித்தானே ஆகவேண்டும். ஒரு வியாழன் இரவு புதிய ஐயரை அவர்களே அழைத்தார்கள். அந்த வாரம் அரிசி, ஆபரேஷன் முடிந்து கிடந்த, எங்கள் சபையைச் சேராத ஒரு அண்டியாபீஸ் தோழியின் வீட்டுக்குப் போனது. ஐயரும் கூடவே நடந்து போனார். அதன் பிறகு அவர் குழுக்களைப் பற்றி எதிராகப் பேசி நான் கேட்டதில்லை.

மறுபடி செய்தால்

முதலில், கன்வென்ஷனுக்கு அடுத்த நாள் எதையும் தொடங்க மாட்டேன். ஒரு வாரம் வீடு வீடாகப் போய் யாருக்கு எந்த நேரம் வேலை என்று கேட்டிருந்தாலே சில மாதங்கள் மிச்சமாகியிருக்கும். எண்ணிக்கையை எழுதினால் கமிட்டிக்குள் வைத்துக்கொள்வேன். அதுவும், குறையும்போது ஏன் என்று கேட்க மட்டும்.

ஒப்புரவை மேடையில் பார்த்ததோடு விட்டுவிட்டோம். அழுதவர்களில் எத்தனை பேருக்கு நடுவே நிலமும் பணமும் தீராமல் இருந்தது என்று கேட்டு, மூவர் முன்னிலை போன்ற ஏற்பாட்டை பிப்ரவரியிலேயே வைத்திருந்தால் அந்த அம்மா குடையை எடுத்துக்கொண்டு போயிருக்க மாட்டார். மூன்று மாத சாட்சி விதியை மறுபடி வைப்பேனா என்பதில் எனக்கு இன்னும் தெளிவில்லை. கேள்வி சரி. மூன்று மாதம் என்பது, போன வாலிபர்களை நினைக்கும்போது, நீளமோ என்று படுகிறது. புதிய ஐயர் அதை ஒரு மாதமாக்கியிருக்கிறார்.

எழுதி வைத்திருக்க வேண்டும். இப்போது நான்கு பக்கத்தில் எழுதி, தமிழிலும் மலையாளத்திலும் ஒவ்வொரு குழுவிடமும் ஒரு பிரதி இருக்கிறது. அந்த இளம்பெண்ணின் வீட்டுக்குச் சென்ற மாதம் என் மனைவியோடு போனேன். தேநீர் தந்தாள். பழைய பேச்சை நானும் எடுத்தேன், அவளும் எடுத்தாள். முடியவில்லை, மறுபடி வரச் சொன்னாள்.

இன்று புதன் ஜெபத்துக்கு முப்பது பேர், வீட்டுக் குழுக்கள் ஆறு. அந்த அம்மாவின் மகள் நர்சிங் முடித்து வேலைக்குப் போகிறாள். அம்மா தன் தெருவின் வியாழன் குழுவை நடத்துகிறார். சீட்டுக்காரர் வேறொரு குழுவில் இருக்கிறார், அவராகக் கேட்டுப் போனது. இருவரும் ஒரே நற்கருணையில் பங்கெடுக்கிறார்கள். இந்த ஆண்டு கன்வென்ஷன் தேதியை வெட்டுக்காரர்களிடம் கேட்டுத்தான் வைத்தோம். மழை நீண்டு மரம் தாமதமாக இலை உதிர்ப்பதால் பிப்ரவரி இரண்டாம் வாரம் என்றார்கள். பந்தல்காரருக்கு முன்பணம் கொடுத்தாயிற்று.